நிலக்சனின் தமிழ்

அந்தச் சனிக்கிழமை பகல், கொலோன் நகரின் வடக்கே, அடுக்குமாடி ஒன்றின் நாலாம் தட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

தக்சாயினி. வீடு அவளுடையது. பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர் வேலை.

பென்ஜமின் அம்போன்சா. அவளுடைய கணவன். கானாவிலிருந்து வந்த தாய் தகப்பனுக்கு இந்த ஊரிலேயே பிறந்தவன். ட்ராம் ஓட்டுபவன்.

யோகம். தக்சாயினியின் தாய். மகளுக்குத் துணையாக இருக்கிறேன் என்று வந்து, துணையைத் தவிர மற்ற எல்லாமாகவும் இருந்தவள்.

தபோதரன். யோகத்தின் மூத்த மகன். பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறான். தாய் கூப்பிட்டதால் வந்தான். தங்கை கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டான்.

பிறகு அபேனா வந்தாள். அதற்கும் பிறகு போலீஸ் வந்தது.

அங்கே இல்லாதவன் நிலக்சன், யோகத்தின் கடைக்குட்டி. லெவர்குசனில் தன் வேலையில் நின்றான். நடந்ததில் பெரும்பங்கு அவனுடையது.

பென்ஜமினுக்கு நித்திரை கெட்டது பனிக்காலத்தில். கடைசித் தரிப்பில் ட்ராமை நிறுத்தியபோது இரண்டு குடிகாரர்கள் ஓட்டுநர் அறைக் கதவைப் பிடுங்கி, அவனை வெளியே இழுத்துப் போட்டு, குரங்கு மாதிரிச் சத்தம் போட்டபடி உதைத்தார்கள். யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள். போலீஸ் வந்ததும் முதல் வேலையாகப் பென்ஜமினைச் சுவரோடு தள்ளி, கையைத் தூக்கச் சொல்லி, அடையாள அட்டை கேட்டது. சீருடையோடு, வாயில் ரத்தத்தோடு நின்றவனிடம். உதைத்தவர்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

விலா எலும்பு பொருந்திவிட்டது. நித்திரை பொருந்தவில்லை. குடும்ப வைத்தியர் விடுப்புச் சீட்டு எழுதினார். மனநல வைத்தியரைப் பார்க்க டெர்மின் கேட்டால் அடுத்த வருடம் வா என்றார்கள். அடுத்த வருடம் வரைக்கும் ஒரு மனிதன் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

கடைசியில் ட்ராமில் கூட வேலை செய்யும் ஒருத்திதான் வழி சொன்னாள். மியூல்ஹைம் பக்கம், தலைமுடி பின்னும் கடை ஒன்றின் பின்னறையில் கறுப்பின மக்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அபேனா என்று ஒரு உளவியலாளர் அங்கே இருக்கிறாள். தலை வெடிக்கும்போது கூப்பிட ஒரு நம்பரும் உண்டு, எடுப்பவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். பென்ஜமின் அங்கே போனான். குரங்குச் சத்தம் என்றால் என்ன என்று அங்கே விளக்க வேண்டியிருக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தபோதே அவர்களுடைய பழைய சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டான். பாய்ந்து எழாமல் தூங்கியது பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

இதைக் கேட்டபோது தபோதரன் சிரித்தான்.

"கறுவலுக்குக் கறுவல் டாக்டரோ? ஏன், வெள்ளை டாக்டர் ஊசி போட்டா ஏறாதாமோ?"

"அண்ணை, வீட்டில கண்ணாடி பார்க்கிறனீங்களோ?" என்று கேட்டாள் தக்சாயினி.

"ஏன், எனக்கென்ன? நான் மாநிறம்."

மாநிறமாம். பென்ஜமினுக்குப் பக்கத்தில் நின்றால் தபோதரன் ஒரு பிடி கூடக் கறுப்பு. அந்தக் குடும்பத்தில் இதைக் கண்ணால் பார்க்காதவர்கள் இல்லை, வாயால் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

பிறகு யோகம் வந்து இறங்கினாள். "விசர் ஆஸ்பத்திரிக்குப் போறான் எண்டு ஆக்களுக்குத் தெரிஞ்சா என்ன மரியாதை?" என்று அவள் சமையலறையில் இருந்தபடி கேட்பதும், மொழி தெரியாமலே அதைப் பென்ஜமின் விளங்கிக்கொள்வதும் நடந்தது. மாமியாருக்கு முன்னால் வெளிக்கிட்டுப் போக வெட்கப்பட்டு அவன் சங்கத்துக்குப் போவதை விட்டான். நித்திரை மறுபடியும் போனது. கூரையில் இருக்கும் புகையுணரிகள் தன்னை ஒட்டுக்கேட்கின்றன என்று சொல்லத் தொடங்கினான்.

சனிக்கிழமை பகல் அவன் சோபாவில் இருந்தபடியே கண்ணயர்ந்தான். தக்சாயினி மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தாள். யோகத்துக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மருமகனுக்குப் பிடித்திருப்பது நாவூறு, வேறொன்றுமில்லை என்பது அவள் முடிவு. உப்பும் செத்தல் மிளகாயும் கையில் எடுத்துத் தூங்குகிறவனின் தலையை மூன்று தரம் சுற்றினாள். துப்பினாள். கொண்டுபோய் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரும்புத் தாச்சியில் கொட்டினாள். ஊரில் இதை முற்றத்தில் செய்வார்கள். இது யன்னல் பூட்டிய ஜெர்மன் வீடு.

மிளகாய்ப் புகை மண்டியது. கூரையில் இருந்த புகையுணரி அலறியது. ஒன்று அலறியதும் மற்றவையும் சேர்ந்து அலறின.

பென்ஜமின் எழும்பவில்லை, வெடித்தான். கண் திறந்ததும் மூச்செடுக்க முடியவில்லை, தொண்டைக்குள் நெருப்பு, தலைக்கு மேல் அவன் பயந்த அதே பெட்டிகள் கூச்சல் போடுகின்றன. கதிரை மேல் ஏறி முதலாவதைப் பிடுங்கினான், சுண்ணாம்போடு வந்தது. காலால் மிதித்து நொறுக்கினான். இரண்டாவதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். தொலைக்காட்சி கவிழ்ந்தது. "வெளியே போ! வெளியே போ!" என்று ஜெர்மன் மொழியில் கூரையைப் பார்த்துக் கத்தினான். அந்தக் குரல் மனிதக் குரல் மாதிரி இல்லை.

தபோதரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பின்னால் போய் இரண்டு கையாலும் அவனைக் கட்டிப் பிடித்தான்.

பின்னால் இருந்து பிடிக்கப்பட்டவன் பென்ஜமின். போன தரம் அவனைப் பின்னால் இருந்து பிடித்தவர்கள் யார் என்று அவன் உடம்பு மறக்கவில்லை. தலையைப் பின்னுக்கு ஓங்கி அடித்தான். தபோதரனின் மூக்கு நொறுங்கிய சத்தம் புகையுணரியின் சத்தத்துக்கு மேலாலும் கேட்டது. சுடச்சுட ரத்தம் வாய்க்குள் வந்தது.

அதற்குப் பிறகு தபோதரன் ஒன்றும் யோசிக்கவில்லை. அடுப்பில் இருந்த தாச்சியைக் கைபிடியில் பிடித்து எடுத்தான். வீசி அடித்தான். அது பென்ஜமினின் தோளிலும் காதிலும் சேர்ந்து விழுந்தது. மிளகாய் எரிந்தபடியே சிதறியது. பென்ஜமின் கண்ணாடி அலுமாரிக்குள் போய் விழுந்தான், எழுந்தான், கதிரையால் திருப்பி அடித்தான். தபோதரனின் முழங்காலில் அது பட்டது. இருவரும் உருண்டார்கள். தபோதரன் மேலே ஏறி அவன் முகத்தில் குத்தினான், இரண்டாம் குத்தில் தன் கை மூட்டு வெடித்தது தெரிந்தும் மறுபடி குத்தினான். உண்மையைச் சொன்னால், அதில் அவனுக்கு ஒரு சுகமும் இருந்தது. தங்கையின் கல்யாண நாளில் இருந்து சேர்த்து வைத்திருந்த குத்து அது.

தக்சாயினி அண்ணனின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். "விடு! அவரை விடு! மிருகம்!"

அந்த இடைவெளியில் பென்ஜமின் படுக்கையறைக்குள் பாய்ந்து கதவை அடித்துப் பூட்டினான். உள்ளே அலுமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. கத்தல் நிற்கவில்லை.

தக்சாயினி போனை எடுத்து அபேனாவைக் கூப்பிட்டாள். சமையலறையில் யோகமும் போனை எடுத்தாள். அவள் கூப்பிட்டது கடைசி மகனை.

"டேய் தம்பி, பென்ஜமின் கத்திக் கத்தி வீட்டை உடைக்கிறான். அண்ணைக்கு முகமெல்லாம் ரத்தம். என்ர பிள்ளையைக் கொல்லப் போறான். கெதியா ஏதும் செய்யடா!"

வீட்டு நடையில் மிஞ்சியிருந்த புகையுணரி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. மறுமுனையில் என்ன கேட்டது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

அபேனா பக்கத்து வட்டாரத்தில் இருந்தாள், சைக்கிளில் வந்தாள். குள்ளமான, ஐம்பது வயதுப் பெண். வீட்டுக்குள் நுழைந்தவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கதிரையில் ஏறி அலறிக்கொண்டிருந்த பெட்டியைக் கழற்றி, பற்றரியை உருவினாள். வீடு செவிடானது போல அமைதியானது. யன்னல்களைத் திறந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். பிறகுதான் தபோதரனைப் பார்த்தாள்.

"இரு," என்றாள் ஜெர்மனில்.

"இது என் தங்கையின் வீடு."

"அப்படியானால் தங்கையின் வீட்டில் இரு. நிலத்தில். பயந்தவனுக்கு முன்னால் யாரும் நெடுப்பமாக நிற்கக் கூடாது."

தபோதரன் நிலத்தில் இருந்தான். ஏன் இருந்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை. முழங்கால் வலித்ததால் என்று சொல்லிக்கொண்டான்.

அவள் படுக்கையறைக் கதவில் முதுகைச் சாய்த்து நிலத்தில் உட்கார்ந்தாள். உள்ளே அவன் கத்திக்கொண்டிருந்தான். அவள் அமைதியாக இரு என்று சொல்லவில்லை. "பென்ஜமின், நான் அபேனா. எபெர்ட்பிளாட்ஸில் ஏறியிருக்கிறேன். அடுத்த தரிப்பு எது?" என்றாள்.

கத்தல். அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும். அதே குரலில், அவசரமில்லாத பயணி கேட்பது போல.

"ஹன்சாரிங்," என்றது உள்ளே இருந்து ஒரு உடைந்த குரல்.

"அதற்கடுத்தது?"

"கிறிஸ்டோஃப் வீதி."

"பிறகு?"

"ஃப்ரீஸன்பிளாட்ஸ். ருடோல்ஃப்பிளாட்ஸ்." மூச்சு வாங்கினான். "வலப்பக்கம் இறங்கவும்."

தரிப்பு தரிப்பாக அவனை ஊருக்குத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தபோது அலுமாரி நகர்ந்தது. கதவு திறந்தது. காதில் இருந்து ரத்தம் வடிய, கண்ணாடித் துண்டு குத்திய கையோடு நின்றான். தக்சாயினியைப் பார்த்ததும் முழங்காலில் விழுந்தான். அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு நடுங்கினான். அபேனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுப்பெர்டாலில், மனநல மருத்துவமனையில், நம்மவர் ஒருவர் வைத்தியராக இருக்கிறார். உனக்குக் கட்டில் வைத்திருக்கிறார். உன் காலாலேயே நடந்து போகிறாய், உன் கையாலேயே கையெழுத்துப் போடுகிறாய். யாரும் உன்னைக் கட்டமாட்டார்கள். தக்சாயினி வண்டி ஓட்டுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். சரியா?"

அவன் தலையாட்டினான். தபோதரன் மூக்கில் முகம் துடைக்கும் துவாயை அழுத்திக்கொண்டு கதவடியில் இருந்து பார்த்தான். சற்று முன் தான் குத்திய முகம் அது. வீங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. நிலக்சன்.

"அண்ணை, உயிரோட இருக்கிறியளோ?"

"ஏன்டா நான் சாகோணும்?"

"பயப்பிடாதேங்கோ, போலீஸ் வருது. நான் நூற்றிப் பத்துக்கு அடிச்சு வடிவாச் சொல்லிட்டன். கத்தி வச்சிருக்கிறான் எண்டு."

"ஆரடா கத்தி வச்சிருக்கிறது?"

"பென்ஜமின். அம்மா சொன்னவா."

தபோதரன் திரும்பினான். "அம்மா, இவனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொன்னனான்? கத்திக் கத்தி உடைக்கிறான் எண்டு சொன்னனான்."

"ஓம், அதைத்தானே நானும் சொன்னனான்," என்றான் நிலக்சன் போனுக்குள். "ரெண்டு கத்தி எண்டு."

ஒரு கணம் தபோதரனுக்குச் சிரிப்பு வந்தது.

"விசரா! கத்தி எண்டா கத்துறதடா! வாயால! மெஸ்ஸர் இல்லை!"

லெவர்குசனில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஜெர்மனும் சமையலறையில் தமிழும் படித்தவன் நிலக்சன்.

"ரெண்டுக்கும் ஒரே சொல்லே வச்சிருக்கிறியள்? ஆர் கண்டுபிடிச்ச மொழி இது?"

"திருப்பி அடிச்சுச் சொல்லடா நாயே. கத்தி இல்லை, ஒண்டும் இல்லை எண்டு சொல்லு!"

சொன்னான். திரும்பக் கூப்பிட்டபோது அவன் குரல் அழுகைக்குப் பக்கத்தில் நின்றது. "சொன்னனான் அண்ணை. குறிச்சுக்கொண்டம், ஆக்கள் வெளிக்கிட்டாச்சு எண்டினம்."

தபோதரன் இதை ஜெர்மனில் அபேனாவுக்குச் சொன்னான். அவள் குரலை உயர்த்தவில்லை.

"கறுப்பன், பைத்தியம், இரண்டு கத்தி. அவர்களுக்கு இது போதும். ஒரு பையனுக்காக நான் இதற்கு முன் பிந்திப் போயிருக்கிறேன். போனபோது வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்." பென்ஜமினின் கையை விடாமலே சொன்னாள். "அவர்கள் இந்தக் கதவுக்கு வரக்கூடாது. சப்பாத்துச் சத்தம் கேட்டால் இவன் எழும்பி ஓடுவான். ஓடினால் சுடுவார்கள். யாராவது கீழே போய் மறிக்க வேண்டும். வெறுங்கையோடு. மெதுவாக. கத்தி இல்லை என்று சொல்ல வேண்டும். நான் கையை எடுத்தால் இவன் போய்விடுவான்."

தக்சாயினி எழும்பப் பார்த்தாள்.

"நீ இரு, பிள்ளை," என்றான் தபோதரன். "நான் போறன்."

தங்கை அண்ணனை நம்பாத பார்வை பார்த்தாள்.

வீட்டுச் செருப்போடு வெளியே வந்தான். படியில் இறங்கினான். வெறுங்கை என்று அபேனா சொன்னது காதில் இருந்தது. ஆனால் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததால் சுருட்டிய துவாய் வலக்கையிலேயே இருந்தது. தன் கையில் ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்கு நினைவில்லை.

இரண்டாம் தட்டில் அவர்களைச் சந்தித்தான். தலைக்கவசம், மார்புக் கவசம். முன்னால் நின்றவனின் கையில் இருந்தது கைத்துப்பாக்கி இல்லை, நீளமானது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஒரு கறுப்பு மனிதன், ரத்தம், கத்தி. அவர்கள் பார்த்தது ஒரு கறுப்பு மனிதன், முகமெல்லாம் ரத்தம், கையில் ஏதோ சிவப்பாக, நீளமாக.

"மெஸ்ஸர் வெக்! கத்தியைப் போடு!"

தபோதரன் சொல்ல வேண்டியது இரண்டே சொல். கைன் மெஸ்ஸர், கத்தி இல்லை. இந்த நாட்டில் கால் நூற்றாண்டு இருந்தவன், கனவில்கூடச் சரியாகச் சொல்லக்கூடியவன். ஆனால் துப்பாக்கியின் ஓட்டை கண்ணுக்கு நேரே இருந்தபோது அவன் நாக்கு பிறந்த ஊருக்கு ஓடியது. தமிழில் பொருளின் பெயர் முன்னால் வரும், இல்லை என்பது கடைசியில் வரும்.

"மெஸ்ஸர்..." என்றான்.

கடைசிச் சொல்லுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

முகத்தில் மிளகுத் தெளிப்பான் அடித்தது. நொறுங்கிய மூக்குக்குள் அது போனபோது மண்டைக்குள் யாரோ ஆணி அறைந்தது போல இருந்தது. தடி ஒன்று முன்னங்கையில் இறங்கியது, எலும்பு விறகு மாதிரி முறிந்தது. துவாய் விழுந்து, விழும்போது விரிந்தது. அது துவாய் என்று ஒருவனாவது கண்டிருக்க வேண்டும், ஏனென்றால் துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் தொடங்கியதை அவர்கள் நிறுத்தவில்லை. காலை வாரினார்கள். படியின் விளிம்பில் நெற்றி அடித்தது. முறிந்த கையைப் பின்னால் இழுத்து விலங்கு போட்டார்கள், அப்போது அவன் போட்ட கூச்சல் நாலாம் மாடிக்கும் கேட்டிருக்கும். விலாவில் சப்பாத்து. மறுபடியும் விலாவில். கழுத்தில் முழங்கால்.

"கத்தி இல்லை! கத்தி இல்லை!" என்று தமிழில் கத்தினான். அங்கே யாருக்கும் அது விளங்கவில்லை.

"கத்திகள் எங்கே?" காதுக்குள் ஒருவன் கேட்டான். "நீதான் அம்போன்சாவா? பென்ஜமின் அம்போன்சா?"

பதினாறு வயதில் தபோதரன் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தபோது இதே மாதிரி ஒரு படிக்கட்டில் கவிழ்ந்து கிடந்திருக்கிறான். அன்றைக்கு அங்கே போலீஸ் கேட்டது, நீ புலியா என்று. இல்லை என்று உண்மையைச் சொன்னான். உதைத்தார்கள். உண்மை பேசுவதால் உதை குறையாது என்பது அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது ஒரு நொடியில் தெரிந்தது. இந்த முழங்கால் எழும்பும். இந்தச் சப்பாத்துகள் மேலே போகும். மேலே ஒருவன் தங்கையின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு நடுங்குகிறான்.

"யா," என்றான். "நான்தான்."

அன்பால் சொன்னானா என்று கேட்டால், தெரியாது. அந்த நேரம் அவனுக்குப் பென்ஜமின் மேலும் ஆத்திரம், தாய் மேலும் ஆத்திரம், நிலக்சனைக் கிடைத்தால் கழுத்தைத் திருகலாம் போல ஆத்திரம். ஆனாலும் சொன்னான்.

ஒருவன் மேலே ஏறிப் போனான். தபோதரன் கன்னத்தைக் குளிர்ந்த சீமெந்தில் வைத்தபடி கேட்டான். கதவு தட்டும் சத்தம். பிறகு தாயின் குரல், தனக்குத் தெரிந்த அத்தனை ஜெர்மனையும் ஒரேயடியாகச் செலவழித்தது.

"மைன் ஸோன்! உன்டன்! மைன் ஸோன் உன்டன்!" என் மகன் கீழே, என் மகன் கீழே. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"உள்ளே வேறு யார்?"

"நூர் ஃப்ரா! நூர் ஃப்ரா!" பெண்கள் மட்டும். இது பொய். ஆக்களுக்குத் தெரியக்கூடாது என்று வாழ்க்கை முழுக்கப் பழகிய பொய்க்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

பிறகு அபேனாவின் குரல், வெட்டி வைத்தது போல் சுத்தமான ஜெர்மனில்: "நான் உளவியலாளர். நோயாளி கீழே போய்விட்டார். உள்ளே படுக்கையறையில் அவருடைய மனைவி இருக்கிறாள், நல்ல நிலையில் இல்லை. கண்ணாடியை மிதிக்காதீர்கள்."

இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவனின் கையில் பிளாஸ்டிக் பையில் போட்ட வெங்காயம் வெட்டும் கத்தி இருந்தது.

"ஒன்று கிடைத்தது," என்றான். "மற்றது தெரியவில்லை."

அவனை நோயாளர் வண்டிக்குக் கொண்டுபோய்ப் பட்டியால் கட்டினார்கள். நெஞ்சில் ஒன்று, தொடையில் ஒன்று, காலில் ஒன்று. கண் திறக்க முடியவில்லை. திறந்தாலும் கண்ணீரும் நெருப்பும்தான். ஒரு போலீஸ்காரன் கூட ஏறி உட்கார்ந்தான். வண்டி புறப்படாமல் நின்றது, யாரோ யாரிடமோ எதையோ எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நிலக்கீழ் வாகனத் தரிப்பிடப் பக்கமிருந்து ஒரு கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. என்ஜின் பட்டி தேய்ந்து, நாய்க்குட்டி மாதிரி ஊளையிட்டுக்கொண்டு புறப்படும் கார். இந்த வட்டாரத்தில் அப்படி ஊளையிடுவது தக்சாயினியின் வண்டி ஒன்றுதான். அது சரிவில் ஏறியது, வீதியில் திரும்பியது, தூரத்தில் தேய்ந்தது. வுப்பெர்டால் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், சனிக்கிழமை வீதி எப்படி இருக்கும் என்று தபோதரன் கணக்குப் போட முயன்றான். தலைக்குள் எந்தக் கணக்கும் நிற்கவில்லை.

மருத்துவமனையில் கண்ணைக் கழுவினார்கள். மூக்கில் பஞ்சு திணித்தார்கள். கைக்கு மட்டை கட்டினார்கள். பிறகு நீண்ட நடைபாதை வழியாக வேறொரு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே யன்னல்களுக்குக் கைபிடி இல்லை.

வைத்தியர் இளம் ஆள். களைத்திருந்தான், மரியாதையாகப் பேசினான். மேசைக்கு இந்தப் பக்கம் தபோதரன், அந்தப் பக்கம் அவன், கதவடியில் போலீஸ்காரன்.

"திரு அம்போன்சா, உங்களுக்குக் குரல்கள் கேட்கின்றனவா?"

"நான் அம்போன்சா இல்லை," என்றான் தபோதரன். பென்ஜமினும் தக்சாயினியும் இந்நேரம் வுப்பெர்டால் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. "நான் தபோதரன். அவனுடைய மனைவியின் அண்ணன்."

வைத்தியர் போலீஸ்காரனைப் பார்த்தான். போலீஸ்காரன் தோளைக் குலுக்கினான். "படிக்கட்டில் நான்தான் என்று சொன்னார். தாயும் உறுதிப்படுத்தினார்."

"உங்களிடம் அடையாள அட்டை இருக்கிறதா?"

"வீட்டில் இருக்கிறது."

"வீட்டில் இப்போது யாரும் கதவைத் திறக்கவில்லை," என்றான் போலீஸ்காரன். கதவுக்குப் பின்னால் தாய் மூச்சுக் காட்டாமல் நிற்பாள் என்று தபோதரன் நினைத்தான்.

வைத்தியர் முன்னால் சாய்ந்தான். "நீங்கள் அவர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர் எங்கே? அதைச் சொல்லுங்கள். ஒரு போன் போடுவார்கள், ஒரு வண்டி அனுப்பிப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

ஒரு வண்டி. அதில் யார் இருப்பார்கள் என்று தபோதரனுக்குத் தெரியும். அவர்கள் தேடுவது இன்னமும் இரண்டு கத்திக்காரனைத்தான். மற்றக் கத்தி இன்னும் கிடைக்கவில்லை அல்லவா? அந்த வண்டி வுப்பெர்டாலுக்குப் போய்ச் சேரும்போது பென்ஜமின் கையெழுத்துப் போட்டிருப்பானா, இல்லை வாசலில் நின்று உள்ளே போவோமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பானா? யாருக்குத் தெரியும்.

ஊரின் பெயர் நாக்கின் நுனியில் இருந்தது. விலா வலித்தது. கை வலித்தது. இந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட இருக்க அவனுக்கு விருப்பமில்லை. கறுவல் டாக்டர் என்று சொல்லிச் சிரித்தது தவிர, விசர் ஆஸ்பத்திரிக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

"எனக்குத் தெரியாது," என்றான்.

"நீங்கள் அவர் இல்லை. அவர் எங்கே என்றும் தெரியாது. ஆனால் அவர்தான் என்று சொன்னீர்கள்." வைத்தியர் ஒவ்வொன்றாகச் சொன்னபோது அது எப்படிக் கேட்கிறது என்பது தபோதரனுக்கே விளங்கியது. சிரிப்பு வந்தது. சிரித்தபோது விலா குத்தியது, குத்தியதால் கண்ணில் தண்ணீர் வந்தது. வைத்தியர் அதையும் எழுதினான்.

"கடைசியாகக் கேட்கிறேன். நீங்கள் யார்?"

நடைபாதையின் கோடியில் யாரோ ஒருத்தி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். என்ன மொழி என்று தெரியவில்லை. தபோதரன் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி," என்றான். "நான்தான் பென்ஜமின்."

வைத்தியர் தலையாட்டினான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தாதி ஒருவன் வந்து, முறியாத கையைப் பிடித்து, இரும்புச் சட்டம் போட்ட கதவடிக்குக் கூட்டிப் போனான். இடுப்பில் தொங்கிய கொத்தில் இருந்து சாவியைத் தேடி எடுத்துத் திறந்தான். உள்ளே தொலைக்காட்சிச் சத்தமும் பழைய சூப்பின் மணமும் வந்தன. தபோதரன் வாசலில் ஒரு தரம் நின்றான், பிறகு உள்ளே கால் வைத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, சாவி இரண்டு தரம் திரும்பியது.